சட்டாம்பிள்ளையும் மியூட் பொத்தானும்

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், அரசர்களும் கவிஞர்களும் புதைக்கப்பட்ட தரையில், ஒரு கல்லில் மெட்ராஸ் என்ற பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. அதற்கு அடியில் இருப்பவர் ஆண்ட்ரூ பெல், ஸ்காட்லாந்துக்காரர், பாதிரியார். 1832-ல் இறந்தார். மெட்ராஸ் கல்விமுறையை உருவாக்கியவர் என்பதுதான் அந்தக் கல் அவருக்குக் கொடுக்கும் அடையாளம்.

உருவாக்கினாரா, பார்த்து எடுத்துக்கொண்டாரா என்பது வேறு கதை. அந்தக் கதையை நான் தேடிப் போனது 2020-க்குப் பிறகுதான். ஆன்லைன் வகுப்பில் நாற்பது பிள்ளைகளை எப்படிக் கட்டி மேய்ப்பது என்று ஆசிரியர்களுக்கு அப்போது நாடு முழுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். மியூட் போடுங்கள், குழுவாகப் பிரியுங்கள், வருகைக்கு ஒரு வழி, கவனத்துக்கு ஒரு வழி. நான் ஓஎம்ஆரில் மென்பொருள் வேலை பார்ப்பவன், வீடியோ அழைப்புச் செயலி ஒன்றின் ஒலிப் பகுதியில் இரண்டு வருடம் உழன்றவன். அந்தப் பட்டியல்களைப் படிக்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம் வரும். இதெல்லாம் நம் ஊரில் இருநூறு வருடத்துக்கு முன்பே இருந்ததுதானே? அப்படியென்றால் இப்போது எது காணாமல் போனது?

முதலில் பெல். 1787-ல் இந்தியா வந்தார். 1789-ல் எழும்பூரில் தொடங்கிய ஆண்கள் அனாதை விடுதிக்குப் பொறுப்பாளர் ஆனார். கும்பெனிப் படையின் ஐரோப்பியச் சிப்பாய்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கான இடம் அது. அங்கே இருந்த உதவி ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தவும் பிடிக்கவில்லை, பிள்ளைகளையும் பிடிக்கவில்லை. ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். விடுதிக்குத் திரும்பியதும், இனிமேல் அரிச்சுவடியை மணலில் சொல்லிக்கொடுங்கள் என்கிறார். உதவி ஆசிரியருக்கு அது கௌரவக் குறைச்சல், முடியாது என்கிறார். பெல் அந்த வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் ஒப்படைக்கிறார். பையன் சொல்லிக்கொடுத்துவிடுகிறான்! அதற்கப்புறம் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பையன் தலைவன், மெதுவாகப் படிக்கிறவன் பக்கத்தில் வேகமாகப் படிக்கிறவன் என்று விடுதியே மாறுகிறது. 1796-ல் பெல் ஊர் திரும்பினார். அடுத்த வருடமே இந்தச் சோதனையைப் பற்றிய அறிக்கையை லண்டனில் அச்சிட்டார்.

அந்தப் பையனுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. சட்டாம்பிள்ளை.

திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நமக்கு இரண்டு படங்கள்தான் காட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று, பிரம்போடு இருக்கும் வாத்தியார். இன்னொன்று, பொற்கால மரத்தடி. இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஒரு பொறியாளனாக அதன் கருவிகளை மட்டும் பார்க்கிறேன். ஒரு வாத்தியார், முப்பது நாற்பது பிள்ளைகள், வயது ஐந்திலிருந்து பதினைந்து வரை, ஒவ்வொருவனும் ஒவ்வொரு பாடத்தில். ஒருவன் அரிச்சுவடி, ஒருவன் எண்சுவடி, ஒருவன் நிகண்டு. இதை ஒரே ஆள் எப்படிச் சமாளித்தார்?

வருகைக்கு ஒரு உத்தி இருந்தது. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் தன் பள்ளிக்கூட நாட்களைச் சொல்லும்போது, காலையில் முதலில் வந்து சேரும் பையனுக்கு வேத்தான் என்று பெயர் என்கிறார். பின்னால் வருகிறவர்களுக்குப் பிரம்பு காத்திருக்கும். 1823-ல் பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் எழுதிய அறிக்கையிலும் இதன் தம்பி ஒருவன் இருக்கிறான். முதலில் வருபவன் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள், அடுத்தவனுக்குச் சுழியம், மூன்றாமவனிலிருந்து அடி. இன்றைக்குச் செயலிகளில் லீடர்போர்டு என்று வைக்கிறார்களே, அதேதான், பிரம்பு மட்டும் கூடுதல்.

எழுதுவதற்கு மணல். காசு கிடையாது, அழிக்கக் கை போதும். தப்பாக எழுதினால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும்.

பாடத்துக்குக் குரல். ஒருவன் முறை வைப்பான், மற்றவர்கள் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம் எல்லாம் இப்படித்தான் நெஞ்சில் ஏறின. திண்ணைப் பள்ளிக் கணக்கைப் பற்றி விரிவாக ஆராய்ந்த செந்தில்பாபு, நினைவாற்றல் அங்கே வெறும் மனப்பாடம் அல்ல, அதுவே கற்கும் முறை என்று காட்டுகிறார்.

நிர்வாகத்துக்குச் சட்டாம்பிள்ளை. புதுப் பையன்களை அவன் பார்த்துக்கொள்வான், வாத்தியார் பெரியவர்களைப் பார்ப்பார். கேம்பெல் இந்த ஏற்பாட்டைப் பாராட்டிவிட்டு, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்று எழுதினார். எது எங்கிருந்து போனது என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை.

இவற்றை இணைக்கும் கருவி ஒன்று உண்டு. அது வாத்தியாரின் காது. நாற்பது பேர் நாற்பது பாடத்தைக் கத்துவார்கள். வெளியாளுக்கு அது சந்தை இரைச்சல். வாத்தியாருக்கு அது தகவல். எந்த மூலையில் சத்தம் குறைகிறதோ அங்கே பிரச்சினை. யாரும் யாரையும் மியூட் செய்யவில்லை, சத்தம் நின்றால்தான் சந்தேகம்.

வாத்தியார் இல்லாமலேகூட இது ஓடியிருக்கிறது. பியத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி 1623-ல் கன்னட நாட்டில் ஒரு கோயில் தாழ்வாரத்தில் நான்கு பையன்களைப் பார்த்தார். தரையில் மெல்லிய மணலைப் பரப்பி, கணக்கை ராகம் போட்டுப் பாடியபடியே விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். மறந்துபோனால் யார் சொல்லித்தருவார் என்று கேட்டிருக்கிறார். நாங்கள் நாலு பேரும் ஒரே சமயத்தில் மறக்க மாட்டோம், ஒருத்தருக்கொருத்தர் திருத்திக்கொள்வோம் என்ற மாதிரி பதில் வந்திருக்கிறது. சர்வர் பராமரிக்கிறவர்கள் இதை நகல் வைத்துக்கொள்வது என்று சொல்வோம்.

இந்த ஏற்பாடு எங்கள் மாவட்டத்தில் எவ்வளவு பரவியிருந்தது? 1822-ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ ஒவ்வொரு ஆட்சியரிடமும் பள்ளிக்கூடக் கணக்கு கேட்டார். வந்த பதில்களை 1983-ல் தரம்பால் தொகுத்து வெளியிட்டார். செங்கல்பட்டு ஜில்லாவில் 508 பள்ளிக்கூடங்கள், மக்கள்தொகை 3,63,129. சுமார் 715 பேருக்கு ஒன்று. மாகாணம் முழுக்க 11,575. அதற்கும் ஐம்பது வருடம் முன்பு, 1767-லிருந்து 1774 வரை, பர்னார்டு என்ற கும்பெனிப் பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையை ஊர் ஊராக அளந்து எடுத்த கணக்கிலும், அறுவடையில் பங்கு பெறுகிறவர்கள் வரிசையில் தச்சர், வண்ணாரோடு பள்ளிக்கூட வாத்தியாரும் வருகிறார்.

இதை வாசித்துப் பெருமைப்பட்டுக்கொண்டு எழுந்து போய்விடலாம். ஆனால் அதே கணக்கின் இன்னொரு வரி: மாகாணம் முழுக்கப் படித்த 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540. நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. திண்ணை என்பது யாரோ ஒருவருடைய வீட்டுத் திண்ணை. அதில் யார் ஏறலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் இந்த ஜில்லாவின் பறையர்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். பஞ்சமி நிலங்களுக்கு வழி திறந்தது அந்தக் குறிப்புதான். அதில் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது, இவர்கள் குடியிருக்கும் மனைகூட இவர்களுடையது இல்லை என்பதை. மனையே சொந்தமில்லாதவருக்குத் திண்ணை ஏது?

கருவி நல்லதா என்று கேட்பதற்கு முன்னால், அது யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு 2020-க்கு வருவோம்.

செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது 2019 நவம்பர் 29. நான்காவது மாதம் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. 2020 ஜூலையில் மத்திய அரசு ஆன்லைன் வகுப்புக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு இரண்டு அமர்வு, மேல் வகுப்புகளுக்கு நான்கு, ஒவ்வொன்றும் 30-லிருந்து 45 நிமிடம். தமிழ்நாடு அரசிடம் 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கையில் இருந்தது. பாடப் புத்தகத்தில் கியூஆர் குறியீடு இருந்தது. தனியார் பள்ளிகள் ஜூமுக்கும் கூகுள் மீட்டுக்கும் போயின. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலருக்கு வாட்ஸப் குழுதான் வகுப்பறை.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இடையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். பாதிப் பிள்ளைகள் மீனவக் குப்பங்களிலிருந்து, மீதிப் பேர் உள்ளே தள்ளியிருக்கும் காலனிகளிலிருந்து வருபவர்கள். அவர் என்னிடம் சொன்ன முதல் பிரச்சினை இது:

"தம்பி, வாய்ப்பாடு சொல்ல வைக்க முடியல. எல்லாரும் சேந்து சொல்லுங்கன்னா, ஒருத்தன் நாலஞ்சு இருபதுல இருக்கான், ஒருத்தி நாலேழுக்குப் போயிட்டா. நடுவுல மொத்தமா சத்தமே நின்னுடுது. என் ஃபோன்தான் ரிப்பேரோன்னு நெனச்சேன்."

ஃபோன் ரிப்பேர் இல்லை. அதை நான் அவருக்கு விளக்கினேன். சேர்ந்து பாடும்போது ஒரு குரலுக்கும் இன்னொன்றுக்கும் 20, 30 மில்லி விநாடிக்கு மேல் இடைவெளி விழுந்தால் தாளம் கலையும். இணைய அழைப்பில் நல்ல நெட் இருந்தாலே நூறைத் தாண்டும், கடற்கரையோர சிக்னலில் ஐந்நூறுகூட ஆகும். உரையாடலுக்கு 150 வரை பரவாயில்லை, கோரஸுக்கு ஆகாது. அதோடு முடியவில்லை. இந்தச் செயலிகள் அலுவலகக் கூட்டத்துக்காகப் பிறந்தவை. ஒரு நேரத்தில் ஒருவர் பேசுவார், மற்றது இரைச்சல் என்பதுதான் அதன் ஆதார நம்பிக்கை. நிறைய பேர் ஒன்றாகக் கத்தினால், சத்தமாக இருக்கும் சில குரல்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அமுக்கும். எதிரொலியை அடக்கும் நிரல் சில சமயம் பிள்ளையின் குரலையே எதிரொலி என்று நினைத்துவிடும். தமிழ் வகுப்பறையின் மிகப் பழைய கருவி கூட்டுக் குரல். நாங்கள் எழுதிய மென்பொருளுக்கு அது பிழை.

மியூட் பொத்தான் அடுத்த வேலையைச் செய்தது. எல்லோரையும் மியூட்டில் போட்டால் வகுப்பு அமைதியாகிவிடும், உண்மைதான். ஆனால் வாத்தியாரின் காது போய்விடும். எந்த மூலையில் சத்தம் குறைகிறது என்று இனி தெரியாது, எல்லா மூலையும் ஒரே மாதிரி. கேமராவையும் அணைத்துவிட்டால் மிச்சம் கறுப்புக் கட்டங்கள். மாமல்லபுரத்து அர்ஜுனன் தபசுப் பாறையில், இடது பக்கம் சின்னக் கோயில் சிற்பத்துக்கு முன்னால் ஒரு வயதான முனிவர் உட்கார்ந்திருப்பார். கீழே மூன்று பேர், சீடர்கள் என்று சொல்வார்கள், மூவருக்கும் தலை உடைந்துபோயிருக்கும். ஆசிரியை அதைக் காட்டிச் சிரித்தார்: "என் கிளாஸ் ஃபோட்டோ தம்பி இது."

குழுவாகப் பிரிக்கும் வசதி, பிரேக்அவுட் அறை என்பார்கள், ஜூமில் முன்பே உண்டு, கூகுள் மீட்டில் 2020 அக்டோபரில் கல்வி நிறுவனக் கணக்குகளுக்கு வந்தது. திண்ணையின் மூலைகள் மாதிரிதான் தோன்றும். ஒரு வித்தியாசம்: திண்ணையில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் எல்லா மூலையும் கேட்கும். பிரேக்அவுட்டில் ஓர் அறைக்குள் நுழைந்தால் மற்ற அறைகளுக்கு நீங்கள் செவிடு. சட்டாம்பிள்ளை நம்பகமானவனாக இல்லையென்றால் அங்கே பாடம் நடக்காது, ஃப்ரீ ஃபயர் நடக்கும்.

ஆசிரியை என்ன செய்தார்? 38 பிள்ளைகள், அதில் பதினோரு வீட்டில்தான் ஸ்மார்ட்ஃபோன். மீன்பிடிக்கப் போகிற அப்பா ஃபோனையும் கொண்டுபோய்விடுவார் என்பதால் காலை வகுப்பு என்ற பேச்சே கிடையாது, இரவு ஏழு மணிக்கு வைத்தார். பெயர்ப் பட்டியலை அகரவரிசையிலிருந்து தெருவரிசைக்கு மாற்றினார். ஒரு ஃபோன், அதைச் சுற்றி மூன்று நான்கு பிள்ளைகள், வெளித் திண்ணையில் தள்ளித் தள்ளி. ஒவ்வொரு ஃபோனுக்கும் ஒரு தலைவர், வாரம் ஒருமுறை மாறும். நல்லாப் படிக்கிற பிள்ளைதான் தலைவர் என்று இல்லை, போன வாரம் திணறியவள் இந்த வாரம் தலைவி. சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் தெரிந்துகொண்டு வருவாள் என்பது அவர் கணக்கு.

வருகையைப் பெயர் கூப்பிட்டு எடுக்கவில்லை. பெயர் கூப்பிட்டாலே பத்து நிமிடம் போய்விடும். ஒரு கேள்வி போட்டு, "பதில எழுதி வெச்சுக்கங்க, அனுப்பாதீங்க. நான் மூணுன்னு சொன்னதும் எல்லாரும் அனுப்புங்க" என்பார். பதிலே வருகைப் பதிவு. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவும் முடியாது. வாய்ப்பாட்டுக்கு நேரலையைக் கைவிட்டார். ஒவ்வொரு திண்ணையிலும் பிள்ளைகள் சேர்ந்து சொல்லி, வாய்ஸ் நோட்டாக அனுப்பினார்கள். நான்கு பேருக்கு நடுவில் நெட் இல்லை, காற்றுதான். அதனால் தாளம் தப்பவில்லை. இவர் இரவு சமையல் செய்துகொண்டே பதினோரு நோட்டுகளையும் கேட்பார். எந்தக் குரல் வரவில்லை என்று அவருக்குத் தெரியும். காது திரும்பக் கிடைத்துவிட்டது.

முதலில் சில வீடுகளில் மறுத்தார்கள். எங்கள் திண்ணையில் காலனிப் பிள்ளைகளா என்று நேரடியாகக் கேட்கவில்லை, இடமில்லை என்றார்கள். காலனியில் ஃபோன் இருந்தது இரண்டே வீடு. அங்கே கோயில் வாசலில் ஒரு குழு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழு. எந்தப் பயிற்சியிலும் அதற்கு ஒரு ஸ்லைடு இருந்ததில்லை.

இதெல்லாம் ஒரு பள்ளிக்கூடம். மொத்தமாக என்ன நடந்தது என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பள்ளி திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1. ஏறக்குறைய 19 மாதம். அபிஜீத் சிங், மௌரிசியோ ரோமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை அளந்தார்கள். 2021 டிசம்பரில், பெருந்தொற்றுக்கு முன் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், கணக்கில் 0.7 திட்ட விலக்கம் பின்தங்கல், தமிழில் 0.34. கல்வி ஆய்வுகளில் இது மிகப் பெரிய சரிவு. தொலைக்காட்சி, செயலி, காணொளி எல்லாம் இருந்தும் இதுதான் நிலை.

அதே ஆய்வின் இரண்டாம் பகுதி நம்பிக்கை தருகிறது. பள்ளி திறந்து ஆறே மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்று கணக்கிடுகிறார்கள். அந்தத் திட்டத்தை முதல்வர் தொடங்கிவைத்தது இதே கடற்கரையில்தான். மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் மரக்காணம் வட்டாரம், அங்கே முதலியார்குப்பத்தில், 2021 அக்டோபர் 27. சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே தெருப் பெண்கள். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள், திண்ணையிலும் மண்டபத்திலும் மரத்தடியிலும் இருபது பிள்ளைகள். கத்தலாம், பாடலாம்.

பெல் பார்த்த அதே காட்சி. அதனாலேயே பெல் கதையின் மீதியையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்துக்குப் போன சட்டாம்பிள்ளை அங்கே இயந்திரமாக மாற்றப்பட்டான். பெல்லின் போட்டியாளர் ஜோசஃப் லங்காஸ்டர், ஒரே ஆசிரியரை வைத்து ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாம் என்றார். 1811-ல் தொடங்கிய தேசியச் சங்கம் பெல்லின் முறையில் நாடெங்கும் பள்ளி நடத்தியது. அதன் பெரிய கவர்ச்சி செலவு குறைவு என்பது. பெல்லோ, ஏழைப் பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் வரை கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்றே எழுதினார். மணலில் எழுதப் பழகிய முறையைக் கொண்டுபோனவர் அதைச் சொன்னார்! 1846-ல் சம்பளம் பெறும் பயிற்சி மாணவ ஆசிரியர் முறை வந்தபோது, இந்த மலிவுப் பள்ளிகள் மெல்ல ஓய்ந்தன.

திண்ணையில் சட்டாம்பிள்ளை வாத்தியாருக்குத் துணை. லங்காஸ்டரிடம் அவன் வாத்தியாருக்கு மாற்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய் கொடுத்தார்கள். நெருக்கடியில் அது அற்புதமான துணை. நிரந்தர ஆசிரியர் இடங்களைக் காலியாக விட்டுவிட்டு அதையே பழக்கமாக்கினால், அது லங்காஸ்டர். செயற்கை நுண்ணறிவு ஆசிரியர் வருகிறார், ஒரே நேரத்தில் லட்சம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார் என்று என் துறையில் இப்போது பேசுகிறார்கள். ஆயிரம் லட்சமாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கடற்கரையில் பள்ளிக்கூடம் இனியும் மூடும். பெருந்தொற்று வேண்டாம், புயல் போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது செங்கல்பட்டிலும் விடுமுறைதான். அடுத்த முறைக்கு என்ன செயலி வாங்கலாம் என்று கேட்கும் பள்ளிகளிடம் நான் சொல்வது ஒன்றுதான். வருகைப் பதிவேட்டில் இன்னொரு பத்தி சேருங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கும் இரண்டு வகுப்புத் தோழர்களின் பெயரை எழுதுங்கள். அந்தக் கட்டம் யாருக்குக் காலியாக இருக்கிறதோ, அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத்தான் ஆசிரியர் முதலில் போக வேண்டும்.